செக்பொக்ஸ் என்பது சரிபார்ப்புப் பெட்டி அன்று

கொழும்பில் இயங்கும் நிறுவனங்களின் இணையப் படிவங்களைத் தமிழில் நிரப்புவோர், இறுதிப் பொத்தானுக்குச் சற்று மேலே "நிபந்தனைகளை ஏற்கப் பெட்டியைச் சரிபார்க்கவும்" என்ற வரியை அடிக்கடி காண்கிறார்கள். தமிழை மட்டும் நம்பி வாசிக்கும் ஒருவர் இந்த வரியைக் கண்டதும் என்ன செய்வார்? பெட்டியை உற்றுப் பார்ப்பார். தாம் எழுதிய பெயரையும் தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் முகவரியையும் மீண்டும் ஒருமுறை வாசிப்பார். பிழை எதுவும் இல்லையென்று கண்டு பொத்தானை அழுத்துவார். படிவம் அசையாது. சரிபார்க்கச் சொன்னார்கள், அவரும் சரிபார்த்தார். ஆனால் அந்தச் சிறு சதுரத்தில் ஓர் அடையாளம் இடும்படி அவருக்கு யாரும் தமிழில் சொல்லவில்லை.

அந்தச் சதுரத்துக்கு ஆங்கிலத்தில் செக்பொக்ஸ் என்று பெயர். அதைச் சரிபார்ப்புப் பெட்டி என்று தமிழாக்கியதிலிருந்தே இந்தக் குழப்பம் தொடங்குகிறது. செக் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் பாரசீகத்தில் அரசனைக் குறிக்கும் ஷா என்பதாகும். அது அரபு, பழைய பிரெஞ்சு வழியாகச் சதுரங்கச் சொல்லாக ஆங்கிலத்துக்கு வந்தது. அரசனுக்கு நேர்ந்த ஆபத்து என்பதிலிருந்து தடுத்தல், அதிலிருந்து சரிபார்த்தல், அதிலிருந்து சரிபார்த்ததற்கு ஆதாரமாக இடும் குறி எனப் பொருள் விரிந்தது. படிவத்திலுள்ள பெட்டி இந்தக் கடைசிப் பொருளில் மட்டுமே செக் என்ற பெயரைப் பெறுகிறது.

சரிபார்ப்புப் பெட்டி என்று எழுதுவோர் இந்த வரலாற்றையே தமக்குத் துணையாகக் காட்டுகின்றனர்: குறியின் பெயர் சரிபார்த்தலிலிருந்துதானே வந்தது என்கின்றனர். உண்மைதான், ஆனால் ஒரு சொல் நடந்துவந்த வழி வேறு, இன்று அது நிற்குமிடம் வேறு. வங்கிக் காசோலைக்கும் ஆங்கிலத்தில் அதே வேரிலிருந்து வந்த பெயரே வழங்குகிறது. அதற்காகத் தமிழர் எவரும் அதைச் சரிபார்ப்புத் தாள் என்று அழைக்கவில்லை. அந்தத் தாள் என்ன வேலை செய்கிறது என்று பார்த்து, காசு, ஓலை என்ற நம் சொற்களைச் சேர்த்து, ஒருமுறை கேட்டாலே விளங்கும் பெயரை முன்னோர் ஆக்கினர். அவர்கள் காட்டிய நிதானத்தை இந்தச் சிறு சதுரத்துக்கும் காட்டியிருக்கலாம்.

அந்தச் சதுரம் செய்யும் வேலையைப் பார்ப்போம். இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்ரிஎம்எல்லில் இன்புட் என்னும் உறுப்பின் ரைப் என்ற பண்புக்குச் செக்பொக்ஸ் என்று பெறுமதி கொடுத்தால் அது திரையில் தோன்றுகிறது. 1995 நவம்பரில் வெளியான எச்ரிஎம்எல் 2.0 தரத்திலேயே அது இடம்பெற்றிருந்தது. பயனர் குறியிட்டால், படிவத்தை அனுப்பும்போது அந்தப் பெட்டியின் பெயரும் பெறுமதியும் தளத்தை இயக்கும் கணினியான சேவையகத்துக்குச் செல்கின்றன. குறியிடாவிட்டால் "இல்லை" என்ற விடைகூடச் செல்வதில்லை. அந்தப் பெட்டி அங்கே இருந்தது என்பதற்கான தடயமே அனுப்பப்படுவதில்லை. ஆகவே, மறுத்தவரையும் வரி விளங்காமல் விட்டவரையும் மறுமுனையில் உள்ளவர் பிரித்தறிய முடியாது. கட்டாயமாக்கப்பட்ட பெட்டியென்றால் உலாவி படிவத்தைத் தடுத்து நிறுத்தும். தமிழில் செய்தி பெற விரும்புகிறீர்களா என்பது போன்ற விருப்பக் கேள்வியென்றால் எந்தத் தடையும் வராது, விருப்பம் மட்டும் சத்தமின்றித் தொலைந்துபோகும். ஒரு சொல்லின் பிழை இவ்வளவு தூரம் செல்லும் என்பதாலேயே இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இதைவிட வலுவான காரணமும் உண்டு. படிவங்களில் உண்மையான சரிபார்ப்பு என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மின்னஞ்சல் முகவரி உரிய அமைப்பில் உள்ளதா, கட்டாயப் புலம் வெறுமையாக விடப்பட்டதா, எண் குறித்த எல்லைக்குள் நிற்கிறதா என்பவற்றை உலாவி தானே ஆராய்கிறது. 2014 ஒக்டோபரில் பரிந்துரையாக வெளியான எச்ரிஎம்எல்5 இதற்கான பண்புகளைத் தரத்தின் பகுதியாக்கியது. சேவையகமும் அதே ஆய்வை மறுபடி செய்தாக வேண்டும். இந்தச் செயலுக்குச் சரிபார்ப்பு என்பதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் இல்லை. அதை எடுத்துச் சதுரப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டால், "சரிபார்ப்புப் பெட்டியில் சரிபார்ப்புப் பிழை" என்று எழுத நேரும். பயனர் சரிபார்க்கவில்லையா, உலாவி சரிபார்த்ததில் பிழை கண்டதா என்பது அந்தத் தொடரைப் படிக்கும் மாணவருக்கு எப்படி விளங்கும்? குறியை எடுத்துவிடுவதைச் "சரிபார்ப்பை நீக்குதல்" என்று எழுதும்போது குழப்பம் முற்றிவிடுகிறது. அத்தொடர் பாதுகாப்பு ஏற்பாடு ஒன்றையே நிறுத்திவிடச் சொல்வது போல ஒலிக்கிறது.

தெரிவுப் பெட்டி என்ற சொல்லைச் சிலர் முன்வைக்கின்றனர். அது நல்ல தமிழ்தான், ஆனால் பொதுப்படையானது: கீழே விரியும் பட்டியலும் தெரிவுக்கே உரியது, பலவற்றில் ஒன்றை மட்டும் தெரியவிடும் வட்டப் பொத்தானும் தெரிவுக்கே உரியது. சரிக்குறிப் பெட்டி என்பதோ, "உங்களுக்குள்ள நோய்கள்" என்ற கேள்வியின் கீழ் நீரிழிவுக்கு நேரே சரி போடும்படி கேட்கிறது. குறியிடுவது ஒன்றை ஒப்புவதாகவோ புகழ்வதாகவோ இருக்க வேண்டியதில்லை.

இலங்கைத் தமிழரிடம் இதற்கு ஆயத்தமான சொல் இருக்கிறது: புள்ளடி. புள் என்றால் பறவை. தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும் என்ற நன்னூல் விதிப்படி, புள்ளும் அடியும் சேர்ந்து புள்ளடியாகி, பறவையின் காற்சுவடு போன்ற × குறியைச் சுட்டுகிறது. தேர்தல் காலத்தில் கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மதிலெங்கும் ஒட்டப்படும் சுவரொட்டிகள் "சின்னத்துக்கு நேரே புள்ளடியிடுங்கள்" என்றே கேட்கின்றன. பள்ளிக்கூடம் போகாத முதியவருக்கும் அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. பாராளுமன்றத் தேர்தல் வாக்குச்சீட்டோ படிவத்தின் இரு உறுப்புகளையும் ஒருங்கே காட்டுகிறது. கட்சிக்கு ஒரே புள்ளடிதான் இடலாம். வட்டப் பொத்தானின் இயல்பு அது. 1989 முதல் வழக்கிலுள்ள விருப்பு வாக்கை அக்கட்சியின் மூன்று வேட்பாளர் வரை அளிக்கலாம், எவருக்கும் அளிக்காமலும் விடலாம். சதுரப் பெட்டியின் இயல்பு இதுவே, மூன்று என்ற எல்லை மட்டும் அதற்கு இல்லை.

ஆசிரியர்கள் பிழையான விடைக்கு அதே வடிவில் கோடிடுகிறார்களே என்று கேட்கலாம். அந்தக் கோட்டை எவரும் புள்ளடி என்பதில்லை, பிழை என்றே சொல்கிறோம். உலாவி காட்டும் குறியும் பெரும்பாலும் ஒரு பக்கம் நீண்ட சரி அடையாளம்தானே என்றால், குறியின் உருவம் உலாவிக்கு உலாவி மாறக்கூடியது. இடுதல் என்ற செயலே பெயருக்கு அடிப்படையாக வேண்டும். பெட்டி என்பதற்குப் பதிலாக, நம் அச்சுப் படிவங்கள் "உரிய கூட்டில் அடையாளமிடுக" என்று வழங்கும் கூட்டையே எடுத்துக்கொண்டால் புள்ளடிக்கூடு என்று அமைகிறது. புள்ளுக்குக் கூடும் வாய்த்திருப்பது எனக்கு மிகப் பிடித்திருக்கிறது.

இத்தகைய பிழைகள் மொழிபெயர்ப்பாளரின் அறியாமையால் மட்டும் வருவன அல்ல. ஆங்கிலத்தில் முழுத் தளத்தையும் கட்டி முடித்தபின், சொற்களை மட்டும் அட்டவணையாக்கி, எந்தத் திரையில் எந்த உறுப்புக்குரியவை என்று காட்டாமல் அவரிடம் அனுப்புகின்றனர். அவரும் அகராதியின் முதற்பொருளை எழுதிவிடுகிறார். வட்டப் பொத்தான் வானொலிப் பொத்தான் ஆனதும் இப்படித்தான். பழைய மோட்டார் வண்டி வானொலியில் ஒரு பொத்தானை அழுத்தினால் முன்பு அழுத்தியது வெளியே வந்துவிடும். ஆங்கிலப் பெயருக்குக் காரணம் அதுவே. அந்த வானொலியைக் கண்டிராத இன்றைய மாணவருக்கு இப்பெயர் எதையும் சொல்லாது. ஒற்றைத் தெரிவுப் பொத்தான் என்றால் அதன் விதியே பெயரில் இருக்கும். இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. தமிழ்ப் படிவத்தை விளங்கிக்கொள்ள ஆங்கிலப் பக்கத்துக்கு மாறிப் பார்க்க வேண்டியிருந்தால், அங்கே தமிழில் படிவம் தரப்பட்டதாக நான் ஏற்க மாட்டேன்.

படிவம் கட்டுவோர் நிரலில் எதையும் மாற்ற வேண்டியதில்லை; செக்பொக்ஸ் என்ற ரைப் அங்கே அப்படியே இருக்கட்டும். அதற்குரிய லேபலில், அதாவது கூட்டின் அருகே தோன்றும் வரியில், "நிபந்தனைகளை ஏற்கிறேன்" என்று பயனரின் கூற்றாக எழுதி, மேலே "ஏற்பதாயின் கூட்டில் புள்ளடியிடுக" என்று அறிவுறுத்தினால் போதும். லேபலின் ஃபோர் என்ற பண்பைக் கூட்டின் தனி அடையாளமான ஐடியுடன் இணைத்துவிட்டால், அந்தத் தமிழ் வரியின்மேல் எங்கே தொட்டாலும் புள்ளடி விழும்.