கரித்தூள் படியும் வீட்டுக்கு இழப்பீடு: எண்ணூர்க்காரர்கள் ஏமாறும் இடங்கள்

வடசென்னையில் எண்ணூர், காட்டுக்குப்பம், எர்ணாவூர் பக்கம் கரித்தூளுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "மனு கொடுத்திருக்கோம், நடவடிக்கை எடுக்கிறோம்னு சொல்லியிருக்காங்க." அந்தப் பதிலை நம்பி உட்கார்ந்திருப்பதில்தான் முதல் நஷ்டம். நீங்கள் எத்தனை மனு கொடுத்தாலும் சட்டம் வைத்திருக்கும் கெடு உங்களுக்காக நிற்காது.

பின்னணி சுருக்கமாக. ராயபுரம் மக்கள் கரித்தூளில் தவித்ததால், சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத்தாதுவையும் கையாளக் கூடாது என்று 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நிலக்கரி எண்ணூருக்குப் போனது. தூளும் கூடவே போனது. மாசால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கும் வழி, 2010-ஆம் ஆண்டின் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், பிரிவு 15. சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே உள்ள தனி மன்றம்தான் இந்தத் தீர்ப்பாயம். சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய விஷயத்தை சிவில் கோர்ட் எடுக்க முடியாதபடி பிரிவு 29 தடுக்கிறது.

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இதை: "கம்பெனிக்கு கோடிக்கணக்கில் அபராதம்" என்று பேப்பரில் வந்தால் அந்தப் பணம் வீடு தேடி வராது. சுற்றுச்சூழல் இழப்பீடு என்ற பெயரில் வாங்குவது மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கில் சேரும். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தபோது பேசப்பட்ட கோடிகளும் அந்த வகைதான். உங்கள் வைத்தியச் செலவு, போன சம்பளம், வீட்டுச் சேதம் எல்லாவற்றையும் நீங்களே தனியாகக் கேட்க வேண்டும்.

கெடு இரண்டு உண்டு. மாசை நிறுத்தச் சொல்லிப் போகும் வழக்கு (பிரிவு 14) என்றால் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். இழப்பீடு கேட்டு என்றால் ஐந்து வருடம். தகுந்த காரணம் காட்டினால் இரண்டிலும் 60 நாள் கூடுதலாகக் கிடைக்கலாம், அவ்வளவுதான். திங்கட்கிழமை குறைதீர் கூட்டம், முதல்வரின் முகவரி, வாரியத்தின் ஆன்லைன் புகார் என்று சுற்றிவருவதற்குள் அந்த ஆறு மாதம் ஓடிப்போகும். எங்கே மனு போட்டாலும் கடைசியில் அதே வாரிய அலுவலகத்துக்குத்தான் அனுப்புவார்கள். அங்கிருந்து "ஆய்வின்போது விதிமீறல் காணப்படவில்லை" என்று ஒரு வரி வரும், மனுவும் முடிந்துபோகும்.

அந்த ஒரு வரி எப்படி வருகிறது? புகை வருவது நள்ளிரவில், ஆய்வுக்கு ஆள் வருவது காலை பதினோரு மணிக்கு. இன்னொன்று, நுண்துகளுக்கு (பிஎம் 2.5) வரம்பு ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்பது 24 மணி நேர சராசரி. அரை மணி நேரம் குழந்தையை மூச்சுத் திணறவைத்த புகை அந்த சராசரியில் கரைந்துபோகும். அதனால் புகாரில் "அடிக்கடி நாற்றம் வருகிறது" என்று எழுதாதீர்கள். தேதி, மணி, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, யார் யாருக்கு என்ன ஆனது என்று எழுதுங்கள். நகலில் தபால் பிரிவு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். முத்திரை தர மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள்.

எல்லைத் தகராறு தனிக் கொடுமை. 2018-இல் திருவொற்றியூர் பகுதி சென்னை மாவட்டத்தில் சேர்ந்தது. அனல்மின் நிலையம் இருக்கும் அத்திப்பட்டு திருவள்ளூர் மாவட்டம். வீடு ஒரு மாவட்டம், புகைபோக்கி இன்னொரு மாவட்டம். "இது எங்க லிமிட் இல்லை" என்று உங்களை அலையவிடுவார்கள். ஒரே மனுவை இரண்டு கலெக்டருக்கும், கிண்டியில் உள்ள வாரியத் தலைமை அலுவலகத்துக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களும் பட்டா இல்லாதவர்களும் தங்களுக்கு உரிமையே இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். தவறு. வீட்டுச் சேதத்துக்குத்தான் உரிமையாளர் கேட்க வேண்டும். உடம்புக்கு வந்த பாதிப்புக்கு, பாதிக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் கேட்கலாம். ஆனால் அந்த நாளில் அங்கே குடியிருந்ததைக் காட்டியாக வேண்டும். ஆதாரில் பழைய முகவரியே கிடந்தால், ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், பிள்ளையின் பள்ளிச் சான்று, எது இருக்கிறதோ அதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டில் வெறுமனே "மூச்சுத்திணறல்" என்று இருந்தால் வழக்கில் அது பாதி சாட்சிதான். எந்த இரவு, எந்தப் புகைக்குப் பிறகு என்பதை டாக்டரிடம் சொல்லி எழுதி வாங்குங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி இரண்டு நகல் கேளுங்கள்: ஆலைக்கு வாரியம் கொடுத்த இசைவாணை (ஆலை இயங்குவதற்கான அனுமதி), கடைசி ஆய்வறிக்கை. கரியை மூடி வைக்க வேண்டுமா, தண்ணீர் தெளிக்க வேண்டுமா என்ற நிபந்தனையெல்லாம் இசைவாணையில்தான் இருக்கும். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கக் கட்டணம், கேட்கும் தொகையில் ஒரு சதவீதம், குறைந்தது 1,000 ரூபாய். வாயில் வந்த தொகையை எழுதினால் கட்டணமும் ஏறும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். அதனால் வீட்டில் பாதிக்கப்பட்ட பெண் இருந்தால் அவர் பெயரிலேயே விண்ணப்பியுங்கள்.

மாற்று வீடு? காற்று கெட்டுப்போனதற்காக வீடு ஒதுக்கும் தனித் திட்டம் எதுவும் கிடையாது. "பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்பில் வீடு வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஆனால் வழியே இல்லை என்றும் இல்லை. மும்பையில் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே மாஹூலில் குடியேற்றப்பட்ட மக்கள் வழக்குப் போட்டு, வேறு இடத்தில் தங்க மாதம் 15,000 ரூபாய் வாடகையும் 45,000 ரூபாய் முன்பணமும் அரசு தர வேண்டும் என்று 2019-இல் உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார்கள். தெருவாகச் சேர்ந்து போனதால்தான் அது நடந்தது.

தெருவாகச் சேரும்போது கையெழுத்தில் கவனம். வெள்ளைத்தாளில் யார் கேட்டாலும் போடாதீர்கள், சங்கத் தலைவரே கேட்டாலும். கம்பெனி ஆள் அரிசி மூட்டையோ பணமோ கொடுத்து ரசீதில் கையெழுத்துக் கேட்டால், "முழு இழப்பீடும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரி இருக்கிறதா என்று படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். வேறெங்காவது இழப்பீடு வாங்கியிருந்தால் அதைத் தீர்ப்பாய மனுவில் மறைக்கவும் கூடாது, சொல்லியே ஆக வேண்டும்.