கொடி நேராகத்தான் பறக்கிறதா?

புதிதாகக் கப்பலேறும் கேடட் (பயிற்சி அதிகாரி) தம்பிகள் ரேடார், ஜிபிஎஸ் என்று கேட்டுக் குடைந்தெடுப்பார்கள். கொடி வைத்திருக்கும் அலமாரிப் பக்கம் மட்டும் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன், மணிலா போகும் வரை.

அப்போது நான் தேர்ட் மேட், அதாவது கப்பலின் இளநிலை அதிகாரி, கொடிகள் என் பொறுப்பு. விடியாத இருட்டில் அவசர அவசரமாக பிலிப்பைன்ஸ் கொடியை ஏற்றிவிட்டு கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜுக்கு இறங்கிவிட்டேன். வெளிச்சம் வந்ததும், நங்கூரம் போட முன்பக்கம் நின்றிருந்த போசன் (மேல்தள மாலுமிகளின் தலைவர்) வாக்கி டாக்கியில் கூப்பிட்டார், அவர் அந்த ஊர்க்காரர். "சார், எங்க கொடியைக் கொஞ்சம் பாருங்க." பார்த்தால் சிவப்பு மேலே, நீலம் கீழே. அந்த நாட்டுச் சட்டப்படி அப்படிப் பறந்தால் நாடு போரில் இருக்கிறது என்று அர்த்தம்!

இத்தனைக்கும் கொடியின் மேல்நுனியில் டாகிள் என்கிற சின்னக் கட்டை இருந்தது, கீழ்நுனியில் கயிற்று வால். இருட்டில் கையால் தடவியிருந்தாலே தெரிந்திருக்கும். இந்தோனேசியாவும் போலந்தும் இதைவிட மோசம், ஒன்றைத் திருப்பினால் இன்னொன்று.

சரி, எது எங்கே? பின்பக்கக் கம்பத்தில் கப்பல் பதிவான நாட்டின் கொடிதான். எல்லோரும் தூத்துக்குடிக்காரர்களாகவே இருந்தாலும், பதிவு பனாமா என்றால் அங்கே பனாமா கொடி. இந்தியப் பதிவு என்றாலும் வெறும் மூவர்ணம் இல்லை, மூலையில் மூவர்ணம் வைத்த சிவப்புக் கொடி. போகிற நாட்டுக்கு மரியாதையாக ஏற்றும் கர்ட்டசி கொடி, மாஸ்ட் என்கிற உயரமான கம்பத்தின் வலப்பக்கம், அதே கயிற்றில் அதற்கு மேலே வேறெதுவும் கூடாது. பிரிட்டன் போனால் யூனியன் ஜாக்கை எடுத்துவிடாதீர்கள், அங்கேயும் சிவப்புக் கொடிதான். கப்பலில் நோயில்லை, அனுமதி கொடுங்கள் என்று கேட்கிற மஞ்சள் 'க்யூ' கொடி, சுகாதார அனுமதி கிடைத்ததும் இறங்கிவிட வேண்டும்.

புகைபோக்கிக் கரியில் கறுத்து, ஓரம் நார்நாராகக் கிழிந்த கொடியோடு போய் நிற்பது அந்த நாட்டுக்காரன் வீட்டுக்கு அழுக்குச் சட்டையில் விருந்துக்குப் போவது மாதிரி. சில துறைமுகங்களில் இதற்கு அபராதமே உண்டு.

துக்கத்துக்கு அரைக்கம்பம் என்றால் முதலில் உச்சிவரை ஏற்றி, அப்புறம்தான் பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும்போதும் ஒருமுறை உச்சியைத் தொட்டுவிட்டுத்தான் கீழே.

இப்போதெல்லாம் துறைமுகம் சேர ஒருநாள் முன்பே கொடியை பிரிட்ஜ் மேஜையில் விரித்துப் பார்த்துவிடுகிறோம். சந்தேகம் வந்தால், அந்த நாட்டுக்காரர் யாராவது கப்பலிலேயே இருந்தால் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள், ஒன்றும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.