ஆற்றுக்கல் ஆக்சலாட்டலுக்கு ஆகாது

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் உள்ள என் விலங்கு கிளினிக்குக்கு ஒரு தாயும் படிவம் நான்கு படிக்கும் மகனும் ஐஸ்கிரீம் டப்பாவை ஏந்திக்கொண்டு வந்தார்கள். உள்ளே ஓர் ஆக்சலாட்டல், அதாவது வாழ்நாள் முழுக்க நீரிலேயே வாழும் ஒரு சாலமாண்டர் வகை. ஆறு நாளாகச் சாப்பிடவில்லை. வயிறு உப்பி, பின்பாதி மேலே தூக்கியபடி மிதந்தது. எக்ஸ்ரேயில் ஏழு கற்கள்.

"ஆத்துக் கல்லுதான் டாக்டர், நல்லா கொதிக்க வச்சிதான் போட்டேன்" என்றான் பையன். கிருமி போயிருக்கும். கல் சிறுத்துவிடுமா?

ஆக்சலாட்டல் இரையைக் கடித்துத் தின்பதில்லை. வாயைச் சட்டென்று திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். புழுவுக்குப் பக்கத்தில் கிடக்கும் கல்லும் கூடவே போகும். அதனால் அதன் தலையைவிடச் சிறிய கல் தொட்டியில் இருக்கவே கூடாது. 15 செ.மீ. வளரும்வரை தரையை வெறுமையாக விடுங்கள். அதற்குப் பிறகு வேண்டுமானால் மிக நுண்ணிய மணல்.

ஆபத்து உள்ளே நுழையும் இன்னொரு வழி தோல். தவளையைப் போலவே, நீரில் கரைந்தது தோல் வழியாகவும் உள்ளே போகும். நம் ஊரில் சும்மா கிடைக்கும் பொருள்களில் பல இங்கேதான் தவறிவிடுகின்றன. செம்பனை மட்டையில் களைக்கொல்லி பட்டிருக்கலாம். பால்மரக் (ரப்பர் மரம்) கிளையில் பால் ஊறியிருக்கும். ரப்பர் பால் பிடிக்கும் பழைய மங்கைக் கவிழ்த்து வைத்தால் குகை மாதிரி அழகாகத்தான் இருக்கும். ஆனால் பால் உறையாமலிருக்க அதில் அமோனியா விட்டிருப்பார்கள், வேண்டாம். பொங்கல் முடிந்து மிஞ்சிய பானை என்றால் சாயம் பூசாததாக இருக்கட்டும்.

நம் மலைச் சுண்ணாம்புக்கல்லைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு துளி வினிகர் விட்டால் நுரைக்கும். தொட்டியில் அது மெல்லக் கரைந்து காரத்தன்மையை ஏற்றும். ஆக்சலாட்டல் சற்றுக் கடினமான நீரைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் காரம் ஏறினால், கழிவிலிருந்து வரும் அதே அளவு அமோனியா இன்னும் கொடிய நஞ்சாகிவிடும். கல்லின் கூர்முனை வேறு, வெளியே இறகுபோல் நிற்கும் செவுளைக் கிழிக்கும்.

அதற்காக வெறும் கண்ணாடித் தொட்டியில் விடச் சொல்லவில்லை. இதற்குக் கண்ணிமை கிடையாது. வெளிச்சத்திலிருந்து ஒதுங்க இருட்டான இடம் கட்டாயம் வேண்டும். குட்டிக்குத் தேங்காய்ச் சிரட்டை போதும்: பருப்பையும் நாரையும் சுத்தமாகச் சுரண்டி, வாசல் வெட்டி, தண்ணீரில் நிறம் இறங்காதவரை மாற்றி மாற்றிக் கொதிக்க வையுங்கள். வளர்ந்தது 25 செ.மீ. நீளம் வரும், சிரட்டைக்குள் திரும்ப முடியாது. அதற்கு 4 அங்குல பிவிசி குழாய்தான் நான் சொல்வது. விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, வெளிப்புறம் மட்டும் சிலிகான் தடவி, கழுவிக் காயவைத்த நுண்மணலில் உருட்டுங்கள். மீன்தொட்டிக்கென்றே விற்கும் சிலிகானாகப் பாருங்கள்; குளியலறைக்கானதில் பூஞ்சைத் தடுப்பு மருந்து இருக்கும். ஒரு வாரம் காய்ந்து புளித்த வாடை முழுக்கப் போன பிறகு, இன்னொரு வாரம் நீரில் ஊறவிட்டு, உதிரும் மணலைத் தேய்த்துக் கழுவுங்கள். மேலே ஜாவா பாசியைப் பருத்தி நூலால் கட்டினால், பாசி படர்ந்த மரக்கட்டை போலவே இருக்கும். பழைய நைலான் காலுறையால் எல்லா இடமும் துடைத்துப் பாருங்கள். காலுறை சிக்கும் இடத்தில் செவுளும் சிக்கும்.

இதன் தாயகம் மெக்சிகோ நகரத்துச் சொச்சிமில்கோ நீர்நிலைகள். 16 முதல் 18 பாகை நீர் அதற்கு உகந்தது. நம் வீட்டுக்குள் பகலில் 30ஐத் தாண்டும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கக் காசு சேரும்வரை அலங்காரமும் வேண்டாம், ஆக்சலாட்டலும் வேண்டாம்.

அந்தப் பையனுடையது, குளிர்நீரில் வைத்துப் பதினோரு நாளில் ஆறு கற்களை வெளியேற்றியது. ஏழாவது இன்னும் உள்ளே இருக்கிறது. உங்களுடையது கல்லை விழுங்கியது தெரிந்தால் வயிற்றை அமுக்காதீர்கள், விளக்கெண்ணெய் ஊற்றாதீர்கள். மூடியுள்ள டப்பாவில் அதன் தொட்டி நீரையே ஊற்றி, அன்றைக்கே தூக்கிக்கொண்டு வாருங்கள்.