வான் தண்ணீர் கடந்த ஓட்டோவுக்கு ஏன் பிறேக் பிடிக்கவில்லை?

"அண்ணை, வான் பாயிற தண்ணிக்குள்ளால ஓட்டோவை மெதுவா எடுத்து அங்காலை ஏத்திப்போட்டன். கொஞ்சத் தூரம் வந்து, குறுக்க வந்த மாட்டுக்குப் பிறேக் அடிச்சா, மரக்கட்டையை மிதிச்ச மாதிரிக் கிடக்கு, ஓட்டோ நிக்குதில்லை. சூ போன மாசம்தான் மாத்தினது. பிறகு தானாச் சரியா வந்திட்டுது. என்ன நடந்தது?"

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து வந்த கேள்வி. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், இரணைமடுக் குளங்கள் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வான் வழியே வீதிக்குப் பாய்கிற மாதங்களில் வன்னியில் வண்டி ஓடுகிற பலருக்கு இது நடந்திருக்கும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே அலைந்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

கேள்விக்குள்ளேயே பாதி விடை கிடக்கிறது. பெடல் மரக்கட்டை மாதிரி நின்றதாம். அப்படியென்றால் பிறேக் ஒயிலில் பிழை இல்லை. ஒயிலுக்குள் காற்றோ நீராவியோ புகுந்திருந்தால், பஞ்சை மிதித்த மாதிரிக் கால் உள்ளே இறங்கியிருக்கும். பாஸ்கலின் விதியைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். காலால் கொடுத்த அழுத்தம் குழாய் வழியே போய், சில்லுக்குள் இருக்கும் சின்னச் சிலிண்டரைத் தள்ளி, உராயும் பட்டை ஒட்டிய பிறை வடிவத் துண்டுகளான இரண்டு பிறேக் சூக்களையும், சில்லோடு சுழலும் டிறம் என்ற இரும்புக் கிண்ணத்தின் உட்சுவரில் அழுத்துகிறது. அவருக்கும் அது சரியாகத்தான் நடந்திருக்கிறது. சூ டிறம்மைத் தொட்டது, ஆனால் பிடிக்கவில்லை.

தண்ணீர் பட்டால் வழுக்கும், இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். டிஸ்க் பிறேக் போட்ட மோட்டார் சைக்கிளும் அதே தண்ணீரைத்தான் கடக்கிறது. அது சட்டென்று சுதாரித்துக்கொள்கிறது. டிறம் ஏன் இவ்வளவு நேரம் ஏமாற்றுகிறது?

டிஸ்க் என்பது திறந்த தட்டு. அது சுழலும்போது தண்ணீர் விளிம்பை நோக்கி ஓடி வெளியே தெறித்துவிடும். டிறம்மில் உரசும் இடமே வெளிச்சுவரின் உட்பக்கம். ஒரு வாளி தண்ணீரைக் கையில் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள், தண்ணீர் அடிப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். டிறம்மிலும் அதுதான் கதை. ஓட்டோவின் சின்னச் சில்லு மணிக்கு 40 கிலோமீற்றரில் நொடிக்கு எட்டுத் தடவைக்கு மேல் சுற்றும். டிறம்மின் விட்டத்தை ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், உள்ளே புகுந்த தண்ணீர் தன் எடையைப்போல் 20 மடங்கு விசையோடு சுவரில் அழுந்துகிறது. எந்த இடத்தில் தண்ணீர் இருக்கவே கூடாதோ, சுழற்சி அதை அந்த இடத்துக்கே கொண்டுபோய்ப் பூசிவிடுகிறது.

இதுவும் பாதிக் கதைதான். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது.

ஒரு தடியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வாருங்கள். நுனி நிலத்தில் தொட, தடியைச் சரித்துப் பிடித்து உங்களுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு நடவுங்கள். கோடு போட்டுக்கொண்டு சுகமாக வரும். இப்போது அதே தடியை அதே சரிவில் முன்னால் நீட்டித் தள்ளிக்கொண்டு நடவுங்கள். நாலு அடி போவதற்குள் நுனி மண்ணில் குத்தி நின்றுவிடும். இழுக்கும்போது உராய்வு தடியின் நுனியை மேலே தூக்கிவிடப் பார்க்கிறது. தள்ளும்போது அதே உராய்வு நுனியை இன்னும் கீழே அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் உராய்வு கூடும், உராய்வு கூடினால் அழுத்தம் கூடும்.

டிறம்முக்குள் இருக்கும் இரண்டு சூக்களில் ஒன்று தள்ளுகிற தடி, மற்றது இழுக்கிற தடி. முதலாவதை லீடிங் சூ என்பார்கள், மற்றது ட்றெயிலிங் சூ. சுழல்கிற டிறம் லீடிங் சூவைப் பிடித்துத் தன்பக்கமே இழுத்துக்கொள்கிறது. ஓடுகிற வண்டியே தன்னை நிறுத்தக் கை கொடுக்கிறது என்று சொல்லலாம். ட்றெயிலிங் சூவை டிறம் தட்டித் தள்ளிவிடுகிறது. பின்னோக்கி உருளும்போது இரண்டும் வேலையை மாற்றிக்கொள்ளும்.

கண்ணால் பார்க்க வேண்டுமானால், ஓட்டோவின் பின்சில்லைக் கழற்றும்போது கராஜில் பக்கத்தில் நில்லுங்கள். போன மழைக்கு நான் நின்று பார்த்தேன். டிறம்மை இழுத்தவுடன் செம்மண் குழம்பு வழிந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால், ஒரு சூவின் பட்டை தோசைக் கனத்துக்குத் தேய்ந்திருந்தது, மற்றது றொட்டிக் கனத்தில் அப்படியே கிடந்தது. இரண்டும் ஒரே நாளில் மாட்டியவை, ஒரே சிலிண்டர் தள்ளுகிறவை. மெக்கானிக் தம்பி "ஒரு பக்கம் கொஞ்சம் மட்டம் போல" என்றார். அது கள்ளச் சாமான் இல்லை, லீடிங் சூ கூட வேலை செய்ததற்கான அடையாளம்.

சரி, தண்ணீருக்கு வருவோம். எளிமையான ஒரு மாதிரி வரைந்து கணக்குப் போட்டேன். காய்ந்த நிலையில் உராய்வுக் குணகம், அதாவது அழுத்தத்தில் எத்தனை பங்கு உராய்வாகிறது என்ற எண், 0.4 என்று வைத்தால், லீடிங் சூ மற்றதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பிடிக்கிறது. தண்ணீர் பட்டு அது 0.2 ஆனால் பிடியும் பாதியாகும் என்றுதானே நினைப்போம்? லீடிங் சூவின் பிடி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே வந்து நிற்கிறது. 0.1 ஆகக் குறைந்தால் ஆறில் ஒரு பங்குதான். உராய்வால் பெருகிய பிடி, உராய்வு போனதும் அதே வேகத்தில் சுருங்கிவிடுகிறது. டிஸ்க்கில் இந்தப் பெருக்கம் இல்லை, அதனால் இந்தச் சரிவும் இல்லை. ஒட்டுசுட்டான் வாசகரின் கால் தேடியது இந்தக் காணாமற்போன உதவியைத்தான்.

தானாகச் சரியானது எப்படி? சூடு. ஆட்களோடு 600 கிலோ வரும் ஓட்டோ, மணிக்கு 40 கிலோமீற்றரிலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 37 கிலோயூல் சக்தி வெப்பமாகிறது. அது முழுவதும் தண்ணீரைக் கொதிக்கவைக்கவே போனாலும், ஒவ்வொரு டிறம்மிலும் ஒரு தேக்கரண்டித் தண்ணீர்தான் ஆவியாகும். உண்மையில் பெரும்பங்கைச் சுற்றியுள்ள இரும்பு வாங்கிக்கொள்ளும். ஆகவே ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு "சரி" என்று பறக்க முடியாது. தண்ணீரைக் கடந்ததும், பின்னால் வண்டி இல்லையென்று பார்த்து, மெதுவாக ஓடியபடியே பெடலை இலேசாக மிதித்து, சில நொடி பிடித்து விடுங்கள். ஐந்தாறு தடவை செய்தால் பிடி திரும்புவது காலுக்கே தெரியும்.

டிறம்மை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவுகிற பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர், விட மனம் வராதுதான். ஆனால் அது விட்டுப்போகும் எண்ணெய்ப் படலம் தண்ணீரைவிட மோசம், காயவே காயாது. பிறேக் தூசியைக் காற்றடித்து ஊதவும் வேண்டாம், பழைய சூக்களில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்தால் போதும். வட்டுவாகல் பக்கம் உப்புத் தண்ணீருக்குள் ஓடியிருந்தால் அன்றிரவு ஹாண்ட் பிறேக் போட்டு விடாதீர்கள், சூ துருவோடு டிறம்மில் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சில்லுக்குக் கல் வையுங்கள்.

எனக்கு ஒரு ஆதங்கம். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. ஒரு பழைய மோட்டார், ஒரு டிறம், ஒரு விற்றராசு, ஒரு வாளி செம்மண் தண்ணீர் இருந்தால், நம் கடைகளில் விற்கிற சூக்களில் எது எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று மாணவர்கள் அளந்துவிடலாம். பெரிய காசு வேண்டாம். ராக்கெட்டுக்குக் கிடைக்கிற கவனத்தில் நூற்றில் ஒன்று ஓட்டோவுக்குக் கிடைத்தால் காணும்.

ரயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசிக்கிறதைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? எலுமிச்சம்பழம் உராய்வுக் குணகத்தைக் கூட்டாது. ஆனால் முறிகண்டிப் பிள்ளையாரடியில் வண்டியை நிறுத்துகிற பழக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஏ9 வீதியில் விடாமல் ஓடிவந்த சில்லுகளுக்கு அது நல்ல ஆறுதல். தேங்காய் உடைத்துவிட்டு வரும்போது வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, தொடாமல், புறங்கையை ஒவ்வொரு சில்லுக்கும் கிட்டக் கொண்டுபோங்கள். இரண்டு பின்சில்லில் ஒன்று மட்டும் கூடச் சுட்டால், நடுவில் சூடா, ரயரில் சூடா என்று பாருங்கள். நடுவில் என்றால் சூ விடாமல் உரசிக்கொண்டு வருகிறது. ரயரில் என்றால் காற்றுக் குறைந்து, ரயர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து சூடாகிறது. கச்சான் சரை ஒரு கையில் இருக்கட்டும், இதற்கு மற்றக் கை காணும்.