கேம்பாயில் மாரியோ ஓடியது எப்படி?

குடியாத்தத்திலிருந்து ஒரு பத்தாம் வகுப்புப் பையன் கேட்டிருக்கிறான்: "அண்ணா, டிவியில ஓடுன மாரியோவ அந்தக் காலத்துலயே கையில புடிக்கிற கேம்பாய்ல எப்படிக் கொண்டுவந்தாங்க? படத்தச் சுருக்கிட்டா போதுமா?" வேலூர் வெயிலில் மதியம் யாரும் வெளியே தலைகாட்ட முடியாது, லீவு வேறு, இப்படிக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சுருக்கினால் போதாது தம்பி. 1985இல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஓடிய மெஷினின் படம் 256க்கு 240 பிக்சல். நம்ம பக்கம் கேசட் செருகி டிவியில் ஆடிய டூப்ளிகேட் பெட்டிகளும் அதே ரகம்தான். 1989இல் வந்த கேம்பாயின் திரையோ 160க்கு 144. நிறம் கிடையாது, நாலு ஷேடு மட்டும், அதுவும் நாலு பென்சில் பேட்டரியில் ஓட வேண்டும். அதனால் அதே ஆண்டு வந்த சூப்பர் மாரியோ லேண்டை, கேம்பாயை உருவாக்கிய நின்டெண்டோ வடிவமைப்பாளர் குன்பெய் யோகோயின் குழு புதிதாகவே செய்தது. மாரியோவைப் பொடியனாக்கி, பின்னணியைக் கிட்டத்தட்ட வெறுமையாக விட்டார்கள், ஏனென்றால் அந்த எல்சிடி மகா மந்தம், வேகமாக நகர்வதெல்லாம் பின்னால் நிழல் இழுக்கும்.

சரி, இதெல்லாம் ஓரம். எனக்குப் பிடித்த விஷயம் ஸ்க்ரோலிங், அதாவது மாரியோ ஓட ஓடப் பின்னணி நகர்வது.

திரையில் 23,040 பிக்சல், நொடிக்குச் சுமார் 60 படம், பிராசசர் வேகம் வெறும் 4 மெகாஹெர்ட்ஸ் சொச்சம். ஒவ்வொரு படத்தையும் பிக்சல் பிக்சலாகத் திரும்ப வரைய அதற்குச் சத்தியமாக முடியாது. அதனால் பின்னணி முழுக்க டைல்களால், அதாவது 8க்கு 8 பிக்சல் குட்டிப் படத்துண்டுகளால் ஆனது. நினைவகத்தில் 32க்கு 32 டைல் கொண்ட ஒரு சதுரம் இருக்கிறது, திரையில் தெரிவது அதில் 20க்கு 18 மட்டும். எந்த இடத்திலிருந்து காட்ட வேண்டும் என்பதைச் சொல்ல ஒரு சின்ன ரிஜிஸ்டர், அதாவது மெஷினுக்குள் ஓர் எண்ணைப் போட்டு வைக்கும் இடம். அளவு ஒரே பைட், 0 முதல் 255 வரைதான் அதில் எண் போட முடியும். அதில் ஒன்றைக் கூட்டினால் மொத்தப் பின்னணியும் ஒரு பிக்சல் இடப்பக்கம் நகர்ந்துவிடும்!

ஆனால் சதுரத்தின் அகலம் 256 பிக்சல்தானே, மாரியோ அதைத் தாண்டினால்? அந்த பைட் 255க்கு அப்புறம் 0 ஆகிவிடும், சதுரத்தின் வலது ஓரம் இடது ஓரத்தோடு சேர்ந்துகொள்ளும். ஊர்வலத்தில் நடைபாவாடை விரிப்பதைப் பார்த்திருப்பீர்கள், நடந்து முடித்த துணியைப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு ஓடி மறுபடி முன்னால் விரிப்பார்களே, அதேதான் இங்கேயும். இடப்பக்கம் திரையை விட்டுப் போன டைல் வரிசைதான் சுற்றிக்கொண்டு வந்து மாரியோவுக்கு முன்னால் நிற்கப் போகிறது. அது கண்ணில் படுவதற்குள் கேசட்டிலிருந்து புதுத் தரையையும் குழாயையும் அதில் எழுதிவிட வேண்டும். மாரியோ 8 பிக்சல் நகர்ந்தால் எழுத வேண்டியது ஒரு செங்குத்து வரிசை, டைலுக்கு ஒரு பைட் வீதம் அதிகபட்சம் 18 பைட். ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு நடுவே சுமார் 1 மில்லிநொடி இடைவெளி கிடைக்கிறது, அதிலேயே வேலை முடிந்துவிடும்.

இன்னொரு குறும்பும் உண்டு. தரை நகரும்போது மேலே இருக்கிற ஸ்கோர் நகர்வதில்லை, கவனித்திருக்கிறாயா? படம் மேலிருந்து கீழே வரி வரியாக வரையப்படுகிறது. ஸ்கோர் இருக்கிற முதல் 16 வரி வரைந்து முடியும்வரை அந்த ரிஜிஸ்டரில் 0 இருக்கும். அப்புறம் பிராசசரை உசுப்பி, மாரியோ நிற்கும் இடத்துக்கான எண்ணை அதில் போட்டுவிடுவார்கள். இதுவே ஒவ்வொரு படத்திலும், நொடிக்கு 60 தடவை.

யோகோயின் கொள்கையே இதுதான்: பழகிய, விலை மலிந்த தொழில்நுட்பத்தை எடுத்துப் புதுசாக யோசிப்பது. நம்ம பக்கத்துக் கல்லூரிகளில் ஏஐ லேப் என்று போர்டு மாட்டக் காசு தாராளமாக வருகிறது, ஒரு ரிஜிஸ்டரில் எண் மாற்றினால் என்ன ஆகும் என்று பிள்ளைகள் கையால் செய்து பார்க்கக் காசு வருவதில்லை. எனக்கு இது பொறுக்கவில்லை.

1992இல் வந்த இரண்டாம் பாகத்தில் மாரியோவைப் பெரிசாக்கினார்கள். பார்க்க லட்சணமாக இருந்தான், ஆனால் அதே திரையில் முன்னால் தெரியும் வழி குறைந்துபோனது.

தம்பிக்கு ஒரு வேலை: கணினியில் கேம்பாய் மாதிரியே நடிக்கும் இலவச மென்பொருள்கள் (எமுலேட்டர்) சிலவற்றில் வீடியோ நினைவகத்தைக் காட்டும் ஜன்னல் ஒன்று இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாடிப் பார், திரைக்கு வெளியே டைல்கள் ஒவ்வொரு வரிசையாக மாறுவது கண்ணுக்கு நேராகவே தெரியும்.