இலை ஓரத்தில் மொட்டு வருமா?

பட்டர்வொர்த் வாசகி ஒருவர் தன் வீட்டுச் செடியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். "எல்லாரும் பிரம்ம கமலம் என்கிறார்கள். காக்டஸ் என்றால் முள் எங்கே?" என்பது அவர் கேள்வி.

காக்டஸேதான். தாவரவியல் பெயர் எபிஃபில்லம் ஆக்ஸிபெட்டலம். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் பாக்காவாலி என்பார், சீனர் கெங் ஹுவா என்பார். மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரக்கிளைகளைத் தொற்றி வளர்வது. பாலைவனக் காக்டஸ் அழுகிப்போகும் பினாங்கு மழையில் இது செழிப்பது அதனால்தான்.

சரி, எப்படி உறுதி செய்வது? மொட்டு எங்கே கிளம்பியிருக்கிறது என்று பாருங்கள். 'இலை'யின் ஓரப் பள்ளத்தில்! செம்பருத்தியில் மொட்டு இலைக்கோணத்தில், அதாவது இலை தண்டோடு சேரும் இடத்தில் வரும், இலை ஓரத்தில் வராது. அப்படியானால் இந்தப் பச்சைப் பட்டை இலையே அல்ல, தட்டையாகிவிட்ட தண்டு. காட்டு நிழலில் வெளிச்சம் பிடிக்கத் தண்டே இலை வேலையைச் செய்கிறது.

அந்தப் பள்ளத்தில் உருப்பெருக்கியை வைத்தால் சிறு புள்ளி ஒன்று தெரியும். ஏரியோல் என்று பெயர். காக்டஸ் குடும்பத்தின் அடையாளமே இதுதான். உண்மையில் அது ஒரு கிளை. நீளாமல் புள்ளியாகச் சுருங்கிப்போன கிளை! கிளையில் இலை வரவேண்டிய இடத்தில் முள் வருகிறது. பூவும் அங்கிருந்தே, புதுத் தண்டும் அங்கிருந்தே. இந்தச் செடியின் விதைக்கன்றுக்கு மெல்லிய முட்கள் உண்டு, வளர்ந்தபின் இல்லை. முள் போனாலும் புள்ளி போகவில்லை. தாவரவியலில் இதைவிட அழகான சிக்கனத்தை நான் பார்த்ததில்லை. சதுரக்கள்ளியில் முள் உண்டு, பாலும் வடியும், ஆனால் ஏரியோல் கிடையாது; அது வேறு குடும்பம்.

டிராகன் பழச்செடியின் பூவும் இதே போல வெள்ளையாக இரவில் விரியும். அதன் தண்டில் மூன்று விளிம்புகளும் முட்களும் இருக்கும், குழப்பம் வராது.

அப்புறம், அசல் பிரம்ம கமலம் இமயமலையில் வளரும் சூரியகாந்திக் குடும்பச் செடி, உத்தராகண்டின் மாநில மலர். வீட்டுப் பூவுக்குக் கற்பூரம் காட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். நன்றாகப் பராமரித்தால் ஒரே ஆண்டில் பல தடவை பூக்கும்.

செடி இன்னொன்று வேண்டுமா? ஒரு துண்டை வெட்டி, வெட்டுவாய் காய்ந்ததும் நீர் தேங்காத மண்ணில் நடுங்கள். புதுத் தளிர் ஏதாவது ஓர் ஏரியோலிலிருந்துதான் வரும். பிள்ளைகளையும் அழைத்துக் காட்டுங்கள்.