முழங்கையில் இடித்தால் சுண்டுவிரல் ஏன் விறுவிறுக்கிறது?

ஏ9 வீதியில் குலுங்கி ஓடும் பேருந்தின் சன்னல் விளிம்பில் முழங்கையின் உட்புறம் இடிபட்டால், இடிபட்ட இடத்தைவிடச் சுண்டுவிரலும் மோதிரவிரலின் ஒரு பாதியுமே மின்சாரம் தாக்கியதுபோல் விறுவிறுக்கும். பலர் உடனே முழங்கையின் கூர்முனையைத் தேய்த்துக்கொள்வார்கள். ஆனால் இந்த உணர்ச்சிக்குக் காரணம் எலும்பு அன்று. அதையொட்டிச் செல்லும் அல்நார் நரம்பே.

கழுத்தின் அடிப்பகுதியில் முண்ணாணிலிருந்து புறப்படும் இந்நரம்பு, மேற்கையின் உட்பக்கமாக இறங்கி, முழங்கையின் உட்புறத்தில் துருத்தி நிற்கும் எலும்புப் புடைப்புக்குப் பின்னாலுள்ள பள்ளத்தின் வழியே முன்கைக்குள் நுழைகிறது. கையின் நரம்புகள் பெரும்பாலான இடங்களில் தசைகளுக்கிடையே பத்திரமாகப் புதைந்திருக்க, இந்தப் பள்ளத்தில் மட்டும் அல்நார் நரம்புக்குத் தோலும் மெல்லிய இழையமுமே போர்வை. அடியில் இருப்பதோ கடினமான எலும்பு.

நரம்பிழையில் செய்தி என்பது, இழையின் மென்சவ்வினூடாகச் சோடியம் அயன்கள் உட்புகுவதால் தோன்றி, இழை நெடுகப் பரவும் மின் துடிப்பாகும். வழக்கமாக இத்துடிப்பு விரலின் தோலிலுள்ள நரம்பு நுனிகளில் தொடங்கும். முழங்கை இடிபடும்போது நரம்பு எலும்போடு நசுங்கி மென்சவ்வு உருக்குலைவதால், தொடுகை, வெப்பம், வலி ஆகியவற்றுக்கான பல இழைகளில் நடுவழியிலேயே ஒரே நேரத்தில் துடிப்புகள் பிறக்கின்றன. தடித்த இழைகளில் அவை செக்கனுக்கு 50 மீற்றரளவு வேகத்தில் விரைகின்றன. இயல்பான எந்தத் தொடுகையும் இப்படிக் கலந்துகட்டிய செய்தியை அனுப்புவதில்லை என்பதால்தான், வலி என்றும் கூச்சம் என்றும் பிரித்துச் சொல்ல முடியாத விசித்திர உணர்ச்சி நமக்குக் கிடைக்கிறது.

அது ஏன் விரலில் தெரிய வேண்டும்? இரணைமடு வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் செய்யும் கமக்காரர், நீர் வந்ததும் குளத்தின் துருசு திறக்கப்பட்டதென்றே கொள்வார். இடைவழியில் மழைவெள்ளம் புகுந்திருந்தாலும் அவருக்கு வேறுபாடு தெரியாது. மூளையின் நிலையும் இதுவே. எந்த இழையில் செய்தி வந்தது என்பதை அது அறியுமேயன்றி, இழையின் எந்தப் புள்ளியில் அது பிறந்தது என்பதை அறியாது.

சாதாரண இடியில் இவ்விறுவிறுப்பு விரைவில் அடங்கிவிடும். அடிக்கடி நெருக்கப்படும் நரம்பின் கதைதான் வேறு. முழங்கையை மடக்கும்போது நரம்பு இழுபடுவதோடு, அது செல்லும் குடைவும் ஒடுங்குகிறது. ஆகையால் கைபேசியை நெடுநேரம் காதில் பிடித்திருப்போருக்கும், கையை மடித்து வைத்து உறங்குவோருக்கும் இதே இரு விரல்கள் விறைத்துப்போகின்றன. கையில் ஏற்படும் நரம்பு நெருக்கங்களில், மணிக்கட்டில் ஏற்படுவதற்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படுவது இதுவே. உள்ளங்கையின் சிறு தசைகளில் பெரும்பாலானவற்றை இயக்குவதும் இந்நரம்பு என்பதால், நெருக்கம் நீடித்தால் விரல்களை விரிப்பதும் பொத்தான் பூட்டுவதும் கடினமாகிவிடும்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்திலும் ஒரு நரம்பு இவ்வாறே எலும்பையொட்டி மேலோட்டமாகச் செல்கிறது. கச்சான் தோட்டத்தில் நெடுநேரம் குந்தியிருந்து களை பிடுங்குவோருக்குச் சில வேளைகளில் புறங்கால் விறைத்து, பாதத்தை மேலே தூக்க முடியாமற்போவது அந்நரம்பு நெருக்கப்படுவதால்தான்.